உடன் பணிபுரிவாரிடம் தம் தேவையைக் கூறுதல்

கல்லூரி விட்டுக் கந்தோர் புகும் எம் இளைஞருட் சிலர்க்கு ஓர் இடர் உண்டு. அவர் அறிவிற் குறைந்தவரல்லர். நெடிய கணக்கேட்டையும் பிழையின்றி முடிப்பர். ஆயினும், மேலதிகாரி நடந்துகொண்டே வாயாற் சொல்லும் ஐந்து கட்டளைகளுள் மூன்று அவர் நினைவினின்று நழுவிவிடும். மின்விசிறியின் இரைச்சலும் அடுத்த மேசைப் பேச்சும் கூடினால் அவர்க்கு எழுத்து ஓடாது. சில நாளில் 'சோம்பேறி' என்றோ 'தலைக்கனம் பிடித்தவர்' என்றோ பெயர் வந்துவிடும்.

ஓட்டிசம், கவனச் சிதறல், வாசிப்பிடர் என்பன இத்தகைய வேறுபாடுகளுட் சில. சிறுவரிடத்து ஓட்டிசத்தை லியோ கானர் 1943 இல் விரித்தெழுதினார். நெடுங்காலம் அது குறையென்றே கருதப்பட்டது. 2012 இல் டேமியன் மில்டன் என்னும் ஆங்கில அறிஞர், விளங்காமை இரு பாலார்க்கும் பொது என்றார். காதோடு காதாய்க் கதை கடத்தும் சிறுவர் விளையாட்டை ஒத்த சோதனையொன்று 2020 இல் வெளியாயிற்று. ஓட்டிசமுடையோர் மட்டும் நின்ற வரிசை பிறர் வரிசைக்கு இளைக்கவில்லை. இரு திறத்தாரும் கலந்த வரிசையிலேயே கதை தேய்ந்தது. 2025 இல் மேலும் பலரைக் கொண்டு செய்த சோதனையில் அத்தேய்வும் காணப்படவில்லை. எவ்வாறாயினும், செய்தி சொல்லும் ஆற்றல் இவர்க்கு இல்லையென்பார் கூற்று நில்லாது.

எனின், தம் தேவையை எங்ஙனம் கூறுவது? நோயின் பெயரைச் சொல்லியே தீரவேண்டுமென்பதில்லை. தேவையை வேலையோடு பிணைத்துச் சொல்லுதல் நன்று. "ஐயா, தாங்கள் சொன்னவற்றை இரண்டு வரியில் எழுதித் தந்தால் மாலைக்குள் முடித்துத் தருவேன்" எனலாம். எழுத அவர்க்கு நேரமில்லையேல், "நான் விளங்கிக்கொண்டதை எழுதிக் காட்டுகிறேன், பிழையிருப்பின் திருத்துங்கள்" எனலாம். ஒத்த நிலையினரிடம், "அண்ணன், பத்து மணிவரை கணக்குப் பார்க்கிறேன், பிறகு பேசுவோமா?" என்றாற் போதும். இவற்றைப் பிழை நேர்ந்து சினம் மூண்டபின் கூறின் சாக்குப்போக்காகவே தோன்றும். வேலையேற்ற முதல் வாரமே தக்க காலம்.

எம் வழக்கத்தில் இதற்கோர் இடையூறு உண்டு. பெரியோரிடம் ஒன்றைக் கேட்டல் மரியாதைக் குறைவென வளர்ந்தோம். 'பார்ப்போம்' என்பது பலகால் மறுப்பேயாகும். சொல்லைச் சொல்லாகவே கொள்ளும் இளைஞர் நாட்கணக்கிற் காத்திருப்பர். பெரியோர் கண்ணை நோக்காமை வீட்டிற் பணிவு. நேர்முகப் பரீட்சையிலோ அதுவே குற்றம்!

சட்டத்தின் துணையும் ஈண்டுச் சிறிதே. இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்குச் சேர்த்தலில் வலுவிழந்தோர்க்குப் பாகுபாடு காட்டலாகாதென்கின்றது. ஆயின், வாழ்க்கைத் தேவைகளைத் தாமே முழுமையாகவோ ஓரளவோ நிறைவேற்ற இயலாதவரையே அது கருதுகின்றது. கல்லடிப் பாலம் கடந்து நாடோறும் கந்தோர் சென்று, குடும்பமும் நடத்தும் இலிகிதர் அதனுள் அடங்குதல் அரிது. வலுவிழந்தோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. அதே ஆண்டின் இந்தியச் சட்டமோ ஓட்டிசத்தையும் கற்றலிடரையும் பெயர் சுட்டி, தக்க வசதி செய்தலை அரச நிறுவனங்களின் கடமையாக்கிற்று.

ஆகவே இங்கு மேலதிகாரியின் மனமே பெரிதும் துணை. எம் வாவியிற் பாடும் மீனின் ஓசை பாலத்தின்மேல் விரைவார்க்குக் கேளாது. தோணியிலிருந்து துடுப்பை நீரிலிட்டு, அதன் மறுமுனையிற் காதை வைப்பார்க்கே கேட்கும். தலைமைப் பதவிகளில் இருக்கும் பழைய மாணவர், புதிதாய்ச் சேர்வார் ஒவ்வொருவரிடமும், "வேலையை எவ்வாறு சொன்னால் உமக்கு எளிது?" என்று வினவலாம். எல்லாரிடமும் வினவின் எவரும் தம் நோயை வெளியிட வேண்டியதில்லை.