கொலுப்படியில் ஒரு கிரிக்கெட் டீம்

நவராத்திரி நெருங்கிவிட்டால் நம் சங்கச் செயலாளரிடமிருந்து எனக்கு டெலிபோன் வந்துவிடும். "சார், இந்த வருஷமும் கொலுப் போட்டிக்கு நீங்கதான் ஜட்ஜ்" என்பார். ரயில்வேயில் பாலத்தையும் தண்டவாளத்தையும் அளந்து கொண்டிருந்தவனுக்குப் பொம்மையின் அழகு பற்றி என்ன தெரியும் என்று முதல் தடவை கேட்டேன். "அதனாலதான் சார் கூப்பிடறோம். நீங்க எந்த மாமிக்கும் பயப்பட மாட்டேள்" என்று பதில் வந்தது. பயம் இல்லை என்பது பொய். கல்பாத்தியிலும் நூரணியிலும் வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகு, பரிசு கிடைக்காத வீட்டு வாசலைக் கடக்கும்போது நான் வேகமாக நடப்பது வழக்கம்.

எங்களிடம் ஒரு மதிப்பெண் தாள் உண்டு. படி அமைப்புக்கு 20, பொம்மைகளின் தரத்துக்கு 40, கருத்துக்கு 20, சுத்தம், விளக்கு, கோலம் ஆகியவற்றுக்கு 20. ஆக மொத்தம் 100. படிகள் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் இருக்கிறதா, மரப்பாச்சி ஜோடி மேலே இருக்கிறதா, செட்டியார் தம் மளிகைச் சாமான்களோடு கீழே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்ப்பதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். சிக்கல் எல்லாம் 'செட்' விஷயத்தில்தான். கல்யாண செட், தசாவதார செட், கிரிக்கெட் செட் என்று கூட்டமாக வரும் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து மார்க் போட முடியாது. மொத்தமாகப் பார்க்க வேண்டும்.

கிரிக்கெட் செட்டையே எடுத்துக்கொள்வோம். நான் முதலில் எண்ணுவேன். பந்து வீசுகிறவரும் விக்கெட் கீப்பரும் சேர்ந்து ஃபீல்டிங் செய்பவர்கள் 11, மட்டையாளர்கள் 2, அம்பயர்கள் 2. மொத்தம் 15 தலைகள் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பெட்டிகளில் பல சமயம் இந்தக் கணக்கு உதைக்கும். அடுத்தது அளவு. ஐந்தடி எட்டங்குல மனிதனை 6 அங்குலப் பொம்மையாக்கினால், 28 அங்குல ஸ்டம்ப் ஏறக்குறைய இரண்டரை அங்குலம் ஆகும். விதிப்படி 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாத மட்டை, மூன்றே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரலாம். பல செட்டுகளில் மட்டை பொம்மையின் தோளுக்கு நிற்கும், ஹனுமார் கையில் கதை மாதிரி.

அளவு விஷயத்தில் எங்கள் ரயில்காரர்களும் யோக்கியர்கள் அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் பெயர் பெற்ற 'டபுள் ஓ' மாடல் ரயிலில் பெட்டி 76க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும். அந்தக் கணக்குப்படி அவர்கள் நாட்டுத் தண்டவாளங்களுக்கு நடுவே 18.83 மில்லிமீட்டர் வேண்டும். வைத்திருப்பதோ 16.5. பார்க்கிறவர் கண் அதை மன்னித்துவிடுகிறது.

என் பேரன் நாட்டிங்காமில் இருக்கிறான். அந்த ஊர் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற கம்பெனிக்குப் பேர் போனது. 1986இல் அவர்கள் 'பிளட் பவுல்' என்று ஒரு மேசை விளையாட்டைக் கொண்டு வந்தார்கள். மனிதர், குள்ளர், பூதம் என்று டீம் டீமாகச் சின்னப் பொம்மைகள், மைதானத்தில் பக்கத்துக்கு 11 பேர். பொம்மைகள் வர்ணமில்லாமல்தான் வரும், வாங்கியவரே தீட்டிக்கொள்ள வேண்டும். இதற்குப் போட்டிகள் நடக்கின்றன. ஜெயித்தவருக்கு ஒரு பரிசு என்றால், அழகாக வர்ணம் தீட்டிய டீமுக்குத் தனியாக ஒரு பரிசு. டீம் முழுதும் ஒரே கையால் தீட்டியது போல் இருக்கிறதா, காலடிப் பீடங்கள் ஒத்துப்போகின்றனவா, எதிராளி பார்த்தவுடன் இன்னார் பந்தை எறிபவர், இன்னார் தடுப்பவர் என்று கண்டுபிடிக்க முடிகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்களாம்.

அங்கேயும் தகராறுக்குப் பஞ்சமில்லை. அதே கம்பெனியின் 'வார்ஹாமர்' யுத்த விளையாட்டில் 2020இல் வந்த விதிப்படி, 100 புள்ளியில் 10 புள்ளி படை முழுதும் வர்ணம் தீட்டியிருப்பதற்கே கிடைக்கும். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்காமல் பெயின்ட்டுக்கு எதற்குப் புள்ளி என்பது ஒரு கட்சி. காசு கொடுத்து வேறொருவரிடம் தீட்டி வாங்கியவருக்கு அழகுப் பரிசு கொடுக்கலாமா என்பது இன்னொரு கேள்வி. "கூடாது தாத்தா. தானே தீட்டியிருந்தால்தான் பரிசு என்று பல இடத்தில் சொல்லிவிடுவார்கள்" என்றான் பேரன். அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. காரணம் இடுக்கியில் நடந்தது.

சில வருஷங்களுக்கு முன் மலைப்பக்கத்துத் தமிழன்பர்கள் ஒரு ஹாலில் கொலுக் காட்சி வைத்து, எங்கள் தாளையே வாங்கிக்கொண்டு என்னையும் அழைத்தார்கள். வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு எஸ்டேட் லயத்திலிருந்து ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானே செய்த கிரிக்கெட் டீமைக் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் வீட்டில் கொலு வைக்கிற வழக்கமே இல்லை. டீச்சர் வீட்டில் பார்த்துவிட்டு ஆசைப்பட்டிருக்கிறாள். ஓடைக்கரைக் களிமண், சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட், தேயிலைக் குச்சியில் மட்டை. எண்ணிப் பார்த்தேன், சரியாக 15. ஆனால் ஒருவன் சட்டை பச்சை, ஒருவன் மஞ்சள், ஸ்லிப்பில் நின்றவன் ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டிருந்தான். இரண்டு பேர் இடுப்பில் வெடிப்பு. மட்டை ஆள் உயரம். "சீருடை ஒற்றுமை இல்லை" என்று எழுதி, தரத்துக்கு 40க்கு 11 போட்டேன். பக்கத்து மேசையில் மதுரை விளாச்சேரியிலிருந்து வாங்கி வந்த பளபளப்பான செட். அதற்கு 34. பரிசும் அதற்கே.

விழா முடிந்த பிறகு அந்தப் பெண் வந்து தாளைப் பார்க்கக் கேட்டாள். படித்துவிட்டு, "சார், இது எங்க எஸ்டேட் டீம். அண்ணன்மாருக்கு யூனிஃபார்ம் கிடையாது. காலைல பனி கொட்டும், அதான் ஸ்வெட்டர்" என்றாள். அவள் அம்மா, "சும்மா இரு பாப்பா" என்று அதட்டிவிட்டு என்னிடம், "தப்பா நினைக்காதீங்க சார். அவளே செஞ்சதுக்கு இதுல எந்தக் கட்டம்னு தெரியாமத்தான் கேக்கறா" என்றார். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கட்டம் இல்லை. அப்புறம்தான் அந்தப் பொம்மைகளைக் குனிந்து, மேசை மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பதினைந்து முகமும் பதினைந்து விதம். வலது கை வீச்சாளனின் இடது கால் சரியாக முன்னே ஊன்றியிருந்தது. விளாச்சேரி செட்டில் ஃபீல்டர்கள் எல்லோருக்கும் ஒரே முகம். அச்சில் வார்த்தது அப்படித்தான் இருக்கும், அந்தக் கைவினைஞர்கள் மேல் குற்றமில்லை. அவர்கள் உழைப்புக்கு நான் கொடுத்த மார்க்கை வாங்கியவர் கொண்டுபோனார் என்பதே சங்கதி.

பாலக்காடு திரும்பியதும் தாளை மாற்ற வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். எளிதில் நடக்கவில்லை. "பாட்டி காலத்துப் பொம்மை வைத்திருப்பவர் என்ன செய்வார்?" என்று ஒரு மாமி கேட்டார். நியாயமான கேள்விதான். நாலு தலைமுறை காப்பாற்றியதும் உழைப்பே. பொருளாளர், "கையால் செய்ததா கடையில் வாங்கியதா என்று யார் சர்டிபிகேட் கொடுப்பது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டு பாதி அச்சில் எடுத்து ஒட்டிய பொம்மைக்குப் பக்கவாட்டில் மெல்லிய தையல் கோடு தெரியும், உள்ளே கூடாக இருக்கும். கையில் பிடித்துச் செய்ததற்கு அடியில் கட்டைவிரல் பதிவு இருக்கும், எடை கூடுதலாக இருக்கும். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால் போதும். வீட்டுக்காரர் அனுமதி கேட்டுவிட்டுத் தூக்க வேண்டும், அது வேறு விஷயம்.

மூன்று கூட்டம் பேசி ஒருவழியாக முடிவானது. தரத்துக்கான 40 இரண்டாகப் பிரிந்தது. பொம்மையின் நேர்த்திக்கு 20, வீட்டார் கையால் செய்தது, பழுது பார்த்தது, பாதுகாத்தது ஆகியவற்றுக்கு 20. கடைப் பொம்மைகளை மட்டும் அழகாக அடுக்கிய சில வீடுகளில் இன்னும் என் மேல் வருத்தம் உண்டு. ஒரு வீட்டில் சுண்டல் கொடுக்கவில்லை.

மறு வருஷம் மலைக்குப் போனபோது அந்தப் பெண் ஒரு வாலிபால் டீம் செய்து வைத்திருந்தாள். பக்கத்துக்கு 6 பேர், எண்ணிக்கை சரி. மண்ணில் வைக்கோல் நறுக்கிப் போட்டிருந்தாள், வெடிப்பு இல்லை. பந்துதான் பூசணிக்காய் அளவு. அதற்கு 2 மார்க் குறைத்தேன்.