உறைந்த எண்ணெய் சொல்லும் உண்மை

கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் சில வேளைகளில் ஒரு வியப்பைக் காண்பதுண்டு. வீட்டிலிருந்து புறப்படும்போது தேங்காய் எண்ணெய் போத்தலில் தெளிவாக இருக்கும். மலையில் ஓர் இரவு கழிந்ததும் அது வெண்ணிறமாக உறைந்து, போத்தலைக் கவிழ்த்தாலும் கொட்டாது. அருகில் உள்ள சூரியகாந்தி எண்ணெயோ எப்போதும்போல் ஓடும் நிலையிலேயே இருக்கும். தேங்காய் எண்ணெய் கெட்டுவிட்டதென்று சிலர் நினைப்பர். உண்மையில் அது கெடவில்லை. ஏறத்தாழ 24 டிகிரி செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும் இயல்புடையது. கேமரன் மலையில் பல இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரிக்கும் கீழே இறங்குகிறது. அப்படியானால், ஓர் எண்ணெய் உறைய, மற்றொன்று உறையாமல் இருப்பது ஏன்?

இதற்கான விடை அவற்றின் மூலக்கூறு அமைப்பில் உள்ளது. எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்ட்ரால் ஆகிய யாவும் 'கொழுமியங்கள்' என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அறிவியலார் இவற்றை லிப்பிட்டுகள் என்றும் அழைப்பர். இவை நீரில் கரைவதில்லை என்பதே இவற்றின் பொதுப்பண்பு. ஒத்துப்போகாத இருவரை 'எண்ணெயும் தண்ணீரும் போல' என்று நாம் கூறுவது இந்தப் பண்பை வைத்தே ஆகும்.

நாம் உண்ணும் எண்ணெயிலும் நெய்யிலும் பெரும்பகுதி டிரைகிளிசரைடு என்னும் கொழுமியமே. அதன் மூலக்கூற்றை மூன்று பற்கள் கொண்ட முள்கரண்டிக்கு ஒப்பிடலாம். பற்களை இணைக்கும் பகுதி கிளிசரால். மூன்று பற்களும் மூன்று கொழுப்பு அமிலங்கள். ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு நீண்ட சங்கிலி. அவற்றைச் சுற்றி ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்திருக்கும்.

சங்கிலியால் ஏற்கக்கூடிய ஹைட்ரஜன் அணுக்கள் அனைத்தும் நிறைந்திருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு அமிலம். அதன் சங்கிலி நேராக இருக்கும். சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது நிறைவுறாத கொழுப்பு அமிலம். இயற்கையில் அத்தகைய சங்கிலி பெரும்பாலும் அந்த இடத்தில் வளைந்திருக்கும். சத்தே குச்சிகளை எளிதாக ஒரு கட்டாகக் கட்டிவிடலாம். வளைந்த மரக்கிளைகளை அவ்வாறு நெருக்கமாகக் கட்ட முடியாது. அதுபோலவே நேரான சங்கிலிகள் நெருங்கி அடுங்கி எளிதில் உறைகின்றன. வளைந்த சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்க முடியாமல் ஓடும் நிலையிலேயே இருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் நிறைவுற்றவை மிகுதி. சூரியகாந்தி எண்ணெயில் நிறைவுறாதவை மிகுதி. செம்பனை எண்ணெயில் இரண்டும் ஏறத்தாழச் சரிபாதியாக உள்ளன. எனவேதான் அதிலிருந்து எளிதில் உறையாத பகுதியைப் பிரித்தெடுத்துச் சமையல் எண்ணெயாக விற்கின்றனர்.

கொழுமியங்கள் உடலுக்குப் பல வகைகளில் உதவுகின்றன. ஒரு கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது. ஒரு கிராம் மாவுச்சத்தோ புரதமோ தருவது 4 கிலோகலோரி மட்டுமே. எனவே, உடல் தன் ஆற்றல் சேமிப்பைப் பெரும்பாலும் கொழுப்பாகவே வைத்துக்கொள்கிறது. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு உடல் வெப்பத்தைக் காக்கிறது. சிறுநீரகங்களைச் சுற்றியுள்ள கொழுப்பு அதிர்ச்சியைத் தாங்குகிறது. ஏ, டி, இ, கே ஆகிய வைட்டமின்கள் கொழுப்பில் கரைபவை. கேரட்டைச் சிறிது எண்ணெயுடன் சமைத்து உண்டால், வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய சத்தை உடல் நன்கு ஈர்த்துக்கொள்ளும்.

இவற்றினும் அடிப்படையான பணி ஒன்று உண்டு. உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்துள்ள சவ்வு, பாஸ்போலிப்பிட் என்னும் கொழுமியத்தால் ஆனது. அதன் தலைப்பகுதி நீரை நாடும். இரண்டு வால்களும் நீரை விலக்கும். எனவே இம்மூலக்கூறுகள் தலைகளை வெளிப்புறமும் வால்களை உட்புறமும் வைத்து இரண்டு வரிசைகளாக நிற்கின்றன. 1925ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர் இதற்குச் சான்று தந்தனர். அவர்கள் இரத்தச் சிவப்பணுக்களிலிருந்து கொழுமியங்களைப் பிரித்தெடுத்து நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினர். அதன் பரப்பளவு, அச்சிவப்பணுக்களின் மொத்த மேற்பரப்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இச்சவ்வு உறைந்துவிட்டால் உயிரணுவால் இயங்க முடியாது. குளிர்ந்த நீரில் வாழும் மீன்களின் சவ்வுகளில் வளைந்த வால்கள் மிகுதியாக உள்ளன. அவை குளிரிலும் சவ்வை நெகிழ்வாக வைத்திருக்கின்றன. கேமரன் மலையில் சூரியகாந்தி எண்ணெயை உறையாமல் காத்த அதே அமைப்பு, மீனின் உயிரையும் காக்கிறது.

பலரும் அஞ்சும் கொலஸ்ட்ராலும் உடலுக்குத் தேவையான ஒன்றே. வைட்டமின் டி, பித்த அமிலங்கள், சில இயக்குநீர்கள் ஆகியவற்றை உருவாக்க உடல் அதைப் பயன்படுத்துகிறது. தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே உண்டாக்கிக்கொள்கிறது. ஆனால், இரத்தத்தில் எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ட்ரால் மிகும்போது அது இரத்தக் குழாய்ச் சுவர்களில் படிந்து மாரடைப்புக்கு வழிவகுக்கும். நிறைவுற்ற கொழுப்பை மிகுதியாக உண்பது அதன் அளவைக் கூட்டுகிறது.

அதைவிடத் தீங்கானது ஊடுகொழுப்பு. எண்ணெயுடன் ஹைட்ரஜனைச் சேர்த்து அதனைக் கெட்டியாக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவியது. கெட்டியான கொழுப்பு மலிவானது. நீண்ட நாள் கெடாதது. ஆனால், இம்முறை முழுமை பெறாதபோது சில சங்கிலிகள் இரட்டைப் பிணைப்பு இருந்தும் நேராகிவிடுகின்றன. இவையே ஊடுகொழுப்பு அமிலங்கள். இவை கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டி, நல்ல கொலஸ்ட்ராலைக் குறைக்கின்றன. ஆலைகளில் உருவாகும் இக்கொழுப்பை உணவிலிருந்து அகற்றுமாறு உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டது. சிங்கப்பூர் 2021 ஜூன் மாதம் முதல், இக்கொழுப்புக்கு முதன்மைக் காரணமான, பகுதியளவு ஹைட்ரஜன் சேர்க்கப்பட்ட எண்ணெய்களை உணவில் தடை செய்தது.

உடல் மெலிய வேண்டும் என்று எண்ணி, கொழுப்பை முற்றிலும் ஒதுக்கும் இளையர் சிலர் உள்ளனர். சில கொழுப்பு அமிலங்களை நம் உடலால் உருவாக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். வளரும் வயதில் அவற்றை மறுப்பது, கட்டும் வீட்டிற்குச் செங்கல்லை மறுப்பதற்கு ஒப்பாகும். மாறாக, பொரித்த உணவை நாள்தோறும் உண்பதும் நன்றன்று. கெம்போங் மீன், நிலக்கடலை போன்றவற்றில் நிறைவுறாத கொழுப்பு உள்ளது. உணவுப் பொட்டலத்தின் பின்புறம் உள்ள அட்டவணையைப் படித்து, நிறைவுற்ற கொழுப்பும் ஊடுகொழுப்பும் எவ்வளவு என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஓர் உணவில் கொழுப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. எந்தக் கொழுப்பு, எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.