உப்பும் சீனியும் உயிர் காக்கும்

குற்றாலத்தில் சீசன். ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, சாரலில் நனைந்தபடி தென்காசிக்கு வீடு திரும்புகிறீர்கள். மறுநாள் காலை உங்கள் குட்டித் தம்பிக்கு வாந்தி. சற்று நேரத்தில் தண்ணீர் தண்ணீராகப் பேதி. "குடிக்கக் கொடுக்காதே! கொடுத்தால் இன்னும் போகும். வயிறு காயட்டும்" என்கிறார் பாட்டி. நீங்கள் என்ன செய்வீர்கள்?

பாட்டியின் அன்பில் குறையில்லை. ஆனால் அவர் சொல்வதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது.

அருவி நீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும். ஆனால் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதே! அசுத்தமான நீர், ஈ மொய்த்த பண்டம், கழுவாத கை ஆகியவற்றின் வழியாக அவை குடலுக்குள் நுழைகின்றன. குழந்தைகளுக்குக் கடும் பேதி உண்டாக்குவதில் ரோட்டா வைரஸ் முக்கியமானது. இது 1973-இல் கண்டறியப்பட்டது.

குழந்தையின் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் நீரிழப்பால்தான் வருகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தை 1 லிட்டர் நீரை இழந்தால், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. மலையிலிருந்து நீர் கொட்டும் ஊரிலேயே ஒரு குழந்தை நீரில்லாமல் வாடலாம்!

இதைக் கண்டறிவது எப்படி? நாக்கு வறண்டிருக்கும். அழுதால் கண்ணீர் வராது. கண்கள் குழி விழுந்திருக்கும். கைக்குழந்தையானால் உச்சிக்குழியும் உள்வாங்கும். சிறுநீர் குறையும். வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது.

இழந்த நீரை எப்படி ஈடு செய்வது? 1971-இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பன்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியது. இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் துணிந்து ஒரு முடிவெடுத்தார். 1 லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா கலந்து, நோயாளிகளைக் குடிக்கச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், இறப்பு 4 பேருக்கும் கீழே குறைந்தது!

வெறும் உப்புநீர் போதாதா? போதாது. குடலின் சுவரில் உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து நுழையும் ஒரு வாசல் உண்டு. அவை நுழைந்தால் நீரும் பின்தொடரும். பேதியின்போதும் இந்த வாசல் மூடுவதில்லை. இதுதான் இரகசியம்.

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்கும். அதில் அச்சிட்டுள்ள அளவு நீரில் முழுவதையும் கரையுங்கள். பொட்டலம் இல்லையா? கொதிக்கவைத்து ஆறிய 1 லிட்டர் நீரில், 5 மில்லி தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சீனியும் அரைக் கரண்டி உப்பும் கரையுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. கரைசல் கண்ணீரைவிட அதிகம் கரிக்கக்கூடாது. 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, ஒவ்வொரு முறை பேதியான பின்பும் 50 முதல் 100 மில்லி வரை, கரண்டி கரண்டியாகக் கொடுக்கவேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக்கூடாது. கரைசல் பேதியை உடனே நிறுத்தாது. இழந்ததை ஈடு செய்யும். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரை, பேதி விரைவில் குறைய உதவும்.

குழந்தை சோர்ந்து மயங்கினால், குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் வந்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால், தொக்கம் எடுக்க அலையவேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையானால் தாமதமே கூடாது.

வருமுன் காக்கவும் வழியுண்டு. ரோட்டா வைரஸுக்கான சொட்டு மருந்து 2016 முதல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது. கொதித்து ஆறிய நீரும் சோப்புப் போட்டுக் கழுவிய கையும் மற்றக் கிருமிகளையும் தடுக்கும்.

இன்றே ஒருமுறை கரைசல் தயாரித்துப் பழகுங்கள். பாட்டியையும் ருசி பார்க்கச் சொல்லி, அந்த வாசலின் கதையைச் சொல்லுங்கள். அடுத்த முறை தம்பிக்குக் கரண்டியால் ஊட்டப்போவது அவர்தானே!