மலையேறினா திணறும் பழைய ஜிப்ஸி: கார்புரேட்டர் திருகைத் தொடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மேட்டுப்பாளையம் வரை சூப்பராக ஓடிய ஜிப்ஸி, ஊட்டியை நெருங்கும்போது இழுக்க மறுக்கிறது. சைலன்சரில் கரும்புகை. உடனே பானட்டைத் திறந்து, கண்ணில் படும் திருகையெல்லாம் திருப்பிவிடுகிறோம். ஊருக்கு இறங்கி வந்தால், சிக்னலுக்கு சிக்னல் வண்டி ஆஃப் ஆகிறது. எங்கே தப்பு?

எந்த ஜிப்ஸிக்கு இது?

1985-ல் 970 சிசி இன்ஜினுடன் வந்த மாருதி ஜிப்ஸியிலும், 1996-ல் வந்த 1.3 லிட்டர் 'கிங்' மாடலின் ஆரம்பகால வண்டிகளிலும் கார்புரேட்டர்தான். பிறகு வந்த இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் அளவை கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும்.

மலையில் ஏன் திணறுது?

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில், காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கார்புரேட்டர் ஜெட்டின் துளை மாறுவதில்லை. அதனால் காற்று குறையும் அளவுக்கு பெட்ரோல் குறையாது. கலவை 'ரிச்' ஆகி புகை கருக்கிறது, மைலேஜ் அடிவாங்குகிறது.

திருகினா சரியாகிடுமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம். மிக்சர் திருகு பெரும்பாலும் ஐடிலிங்கை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மேடு ஏறும்போது பெட்ரோல் கொடுப்பது மெயின் ஜெட். ரெண்டு நாள் டூர்தான் என்றால் திருகைத் தொடாதீங்க. கியரைக் குறைத்து நிதானமாக ஏறுங்க. மலையிலேயே ஓடும் வண்டி என்றால், மெக்கானிக்கிடம் சொல்லி சின்ன ஜெட் மாற்றலாம். என்ன செய்தாலும் சமவெளியில் கிடைக்கும் முழு இழுவை அங்கே கிடைக்காது.

சமவெளியிலும் ஐடிலிங் சரியில்லையா?

* முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்க. அடைத்திருந்தாலும் கரும்புகை வரும்.
* வேக்குவம் ஹோஸில் விரிசல் இருந்தால் ஐடிலிங் ஏறி இறங்கும்.
* ஸ்பார்க் பிளக் முனை கருப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, வெளிர் பழுப்பு என்றால் ஓகே.
* இதெல்லாம் சரி என்றால், திருகை மெதுவாக உள்ளே முட்டும் வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைங்க. அழுத்தி முறுக்கினால் முனை கெட்டுவிடும்.
* பழைய இடத்துக்கே கொண்டுவந்து, இன்ஜின் சூடானதும் கால் சுற்றாகத் திருப்பி, இன்ஜின் சீராக ஓடும் இடத்தில் நிறுத்துங்க.
* ஜெட்டைக் கழற்றினால் கம்பி விட்டுக் குத்தாதீங்க. பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே போதும். பேட்டரி நெகட்டிவ் வயரை முதலில் கழற்றிடுங்க. பெட்ரோல் சிந்தும் இடத்தில் ஒரு பொறி போதும்.

மைலேஜுக்காகப் பெட்ரோலை ரொம்பக் குறைப்பதும் ஆபத்து. இன்ஜின் சூடேறி, வால்வும் பிஸ்டனும் சேதமாகலாம். எழுதிவைத்த அந்தச் சுற்று எண்ணிக்கை இருந்தால், சொதப்பினாலும் பழைய இடத்துக்குத் திரும்பிடலாம்.