பிரேக் ஆயிலும் ஈரம் இழுக்கும்

மழைக்காலத்தில் பிரித்து வைத்த வெல்ல மூட்டை கசிவதை நாம் அறிவோம். கார், சிறிய லோடு வண்டிகளின் பிரேக் ஆயிலும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ரகம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். ஊட்டியிலிருந்து காய்கறி மூட்டைகளோடு மேட்டுப்பாளையம் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி அடைக்கும். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. அளவு குறையவில்லையே என்று நாம் பல ஆண்டுகள் விட்டுவிடுகிறோம். ஈரம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வண்டிக் கையேட்டில் வேறு கெடு சொல்லாவிட்டால் இரண்டு ஆண்டுக்கொரு முறை பழையதை முழுவதும் வெளியேற்றி, புதியது ஊற்றி, காற்றும் எடுக்கச் சொல்லவேண்டும். மேலாக நிரப்பிவிட்டு மாற்றியதாகக் கணக்கு எழுதும் மெக்கானிக்குகளும் உண்டு. பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. போன தடவை திறந்த டப்பாவில் மிச்சமிருப்பதை, காசு வீணாகிறதே என்று ஊற்றவும் கூடாது.