‘டாஸ்’ லேப்டாப் விலை கம்மிதான்... ஆனா அது யாருக்கு லாபம்?

ஆன்லைனில் ஒரு லேப்டாப்பைத் தேடிப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பிராசஸர், ஒரே ரேம். ஒன்றில் ‘விண்டோஸ் 11 ஹோம்’ என்று இருக்கும். இன்னொன்றில் ‘டாஸ்’ அல்லது ‘உபுண்டு’ என்று இருக்கும். இரண்டுக்கும் சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம். கை தானாகவே விலை குறைந்ததன் பக்கம் போகும்.

பந்தலூர் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட லைன் வீடு. அங்கிருந்து ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் சேரப்போகும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவின் கொழுந்துக் கூலியும் அண்ணன் திருப்பூரில் இருந்து அனுப்பியதும் சேர்ந்து கையில் ஒரு தொகை இருக்கிறது. கூடலூர் வந்து, மலையேறி, ஊட்டிக் கடையில் போய் நின்றால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அண்ணா, இதுல விண்டோஸ் இருக்கா?”

“இது டாஸ் மாடல்ம்மா. அதான் ரேட் கம்மி. ஒண்ணும் பிரச்சினை இல்ல, ஐந்நூறு ரூபா குடுத்தா நானே விண்டோஸ் போட்டுத் தர்றேன்.”

இந்த ஐந்நூறு ரூபாய்தான் பார்க்க வேண்டிய இடம்.

டாஸ்னா என்ன?

அது விண்டோஸின் குட்டித் தம்பி இல்லை. கடைகளில் டாஸ் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் ‘ஃப்ரீடாஸ்’. 1994ல் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிய இலவச மென்பொருள். ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும், அவ்வளவுதான். பிரவுசர் இல்லை, வை-ஃபை இல்லை, யூடியூப் இல்லை. இயந்திரம் உயிரோடு இருக்கிறது என்று காட்ட ஒரு பேருக்கு வைத்த மென்பொருள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஏன் இதை விற்கிறார்கள்? இந்தியாவில் டாஸ் மாடல்கள் அதிகம் வருவது அலுவலகங்களும் பள்ளிகளும் மொத்தமாக வாங்கும் வரிசைகளில்தான். லெனோவோவின் ‘வி’ வரிசை, எச்.பி.யின் ‘240’, ‘250’ வகையறா இப்படி. டெல் உபுண்டுவோடு தரும். 2012ல் இந்தியா முழுக்க 850 கடைகளில் உபுண்டு போட்ட டெல் கணினிகள் விற்கப்படும் என்ற அறிவிப்பே வந்தது. இந்த மாடல்களில் விலை குறைவதற்கு விண்டோஸ் இல்லாதது மட்டும் காரணமாக இருக்காது. திரை கொஞ்சம் மங்கலாக இருக்கலாம், ரேம் ஒரே குச்சியாக இருக்கலாம், கீபோர்டில் விளக்கு இருக்காது. ‘ஒரே மாடல்’ என்று நினைத்து வாங்குவதற்கு முன் இரண்டின் முழு விவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கணக்கு எங்கே உதைக்குது?

டாஸ் மாடல் 4,000 ரூபாய் குறைவு என்று வைப்போம். பிறகு “விண்டோஸ் வேணும்”னு தோன்றினால், தனியாக வாங்கும் விண்டோஸ் 11 ஹோம் உரிமம் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். 4,000 மிச்சம் பிடிக்கப் போய் 6,000 கூடுதல் செலவு.

லேப்டாப் கம்பெனிகள் மைக்ரோசாஃப்டுக்குக் கொடுப்பது இந்தச் சில்லறை விலை அல்ல. லட்சக்கணக்கில் வாங்குவதால் மிகக் குறைவு. எவ்வளவு என்று யாரும் வெளியே சொல்வதில்லை. புது லேப்டாப்பைத் திறந்ததும் ‘30 நாள் இலவசம்’ என்று ஆன்டிவைரஸ் குதிக்கிறது அல்லவா? அதை உள்ளே வைக்க அந்த நிறுவனங்கள் லேப்டாப் கம்பெனிக்குப் பணம் தருகின்றன. விண்டோஸின் செலவில் ஒரு பகுதி அதிலேயே கழிந்துவிடும். சில நேரம் விண்டோஸ் உள்ள மாடலும் இல்லாத மாடலும் ஏறக்குறைய ஒரே விலையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 8 காலத்தில் இருந்து, கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கும் லேப்டாப்பில் அதன் சாவி மதர்போர்டு சிப்பிலேயே பதிந்திருக்கும். நாளைக்கு டிஸ்க் கெட்டுப்போய் மாற்றினாலும் அதே பதிப்பு விண்டோஸைத் திரும்பப் போட்டால் அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும். டாஸ் லேப்டாப்பில் அந்தச் சாவி கிடையாது. கடைக்காரர் ஐந்நூறு ரூபாய்க்குப் போடும் விண்டோஸுக்கு சாவி எங்கிருந்து வரும்?

வேறு எங்கிருந்து, ‘ஆக்டிவேட்டர்’தான். விண்டோஸை ஏமாற்றும் ஒரு சின்ன புரோகிராம். அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அதன் பின் அந்த லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கு, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், ஆதார் நகல் எல்லாம் இருக்கப்போகிறது. வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டு வாங்கப் போகிற மாதிரி.

சட்டமும் சும்மா இல்லை. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவுப்படி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார நோக்கம் இல்லாமல் பயன்படுத்தியவருக்குச் சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. ஊட்டியில் ஹோம்ஸ்டே புக்கிங்கோ குன்னூரில் தேயிலைக் கணக்கோ பார்க்கும் லேப்டாப் என்றால் அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

ஆன்லைனில் 500, 600 ரூபாய்க்கு விற்கும் ‘ஒரிஜினல் கீ’? பெரும்பாலும் ஏதோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்த சாவியின் துண்டு. இன்றைக்கு வேலை செய்யும். ஒருநாள் செய்யாமலும் போகும்.

நம்ம ஊருக்கு லினக்ஸ் புதுசு இல்ல

விண்டோஸ் இல்லாமலே இருந்தால் என்ன என்ற கேள்வியைத் தமிழ்நாடு அரசே கேட்டிருக்கிறது. 2007 வாக்கில் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த சி. உமாசங்கர், அலுவலகக் கணினிகளை ‘சூஸே லினக்ஸ்’ பக்கம் திருப்பினார். அதே 2007 ஜனவரியில் சி-டாக் நிறுவனம் ‘பாஸ் லினக்ஸ்’ முதல் பதிப்பை வெளியிட்டது. இதை உருவாக்கியது அதன் சென்னை மையம். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று தமிழக அரசு சொன்னது.

2011 செப்டம்பர் 15ல் ஜெயலலிதா தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில், முதல் சில ஆண்டுகள் வந்தவற்றில் விண்டோஸும் பாஸும் ஒன்றாகவே இருந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். அந்தப் பட்டியலில் பாஸைத் தொட்டவர்கள் எத்தனை பேர் என்று அன்றைய பிளஸ் டூ மாணவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். குறை மாணவர்களுடையது அல்ல. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை, பாடத்தில் அதற்கு இடம் இல்லை.

இதே மலையில் கூடலூர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வயநாடு. எல்லைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. கேரள அரசின் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் 2001ல் தொடங்கியது. அது இப்போது ‘கைட்’ என்ற நிறுவனம். அங்கே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். 2019ல் பள்ளிகளின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தபோது, உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த அரசு கணக்குச் சொன்னது. அந்தத் தொகையை நம்பலாமா என்று வாதாடலாம். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பாடப் புத்தகத்தையே அதற்கேற்ப எழுதினார்கள் என்பதில் வாதம் இல்லை. வித்தியாசம் அங்கேதான்.

மலையில் வாங்கும்போது

நீலகிரியில் இருப்பவர்களுக்கு இரண்டு கூடுதல் தலைவலி. ஒன்று, சர்வீஸ் சென்டர். பெரிய கம்பெனி சர்வீஸ் என்றால் பெரும்பாலும் 14 கொண்டை ஊசி வளைவு இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவைக்குத்தான் போக வேண்டும். அதனால் வாங்கும்போதே “விண்டோஸ் இல்லைன்னா, லினக்ஸ் போட்டா வாரண்டி இருக்கா?” என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். வாரண்டி இயந்திரத்துக்குத்தான், உள்ளே ஓடும் மென்பொருளுக்கு அல்ல. ஆனாலும் கையில் எழுத்து இருந்தால் அலைச்சல் குறையும்.

இரண்டாவது, நெட். உபுண்டுவின் 24.04 பதிப்பு சுமார் 6 ஜி.பி. லினக்ஸ் மின்ட் சுமார் 3 ஜி.பி. சிக்னல் வந்து வந்து போகும் எஸ்டேட்டில் உட்கார்ந்து இதை இறக்குவது பெரும்பாடு. டவுனில் நல்ல நெட் இருக்கும் இடத்தில் 8 ஜி.பி. பென்டிரைவில் இறக்கிக்கொண்டு போவதே வழி.

அந்தப் பென்டிரைவால் இன்னொரு பெரிய பயன் உண்டு. லினக்ஸை லேப்டாப்பில் போடாமலேயே பென்டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். கடையிலேயே கேட்டுப் பாருங்கள். வை-ஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். குன்னூர் ஏலத்தில் தேயிலையைக்கூடக் கொதிக்க வைத்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் விலை சொல்கிறார்கள். முப்பது நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருளுக்குப் பத்து நிமிஷம் அதிகம் இல்லை.

சில இன்டெல் லேப்டாப்களில் லினக்ஸ் போடும்போது டிஸ்க்கே இல்லை என்று சொல்லும். பயப்பட வேண்டாம். பயாஸ் அமைப்பில் ‘வி.எம்.டி.’ என்று ஒன்று இருக்கும், அதை அணைத்தால் டிஸ்க் தெரியும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் லேப்டாப்பில் லினக்ஸைக் கூடுதலாகப் போடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே வி.எம்.டி.யைச் சட்டென்று அணைத்தால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டியும் வைத்திருக்கும். அதன் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை எழுதி வைக்காமல் எதையும் தொடாதீர்கள்.

“எனக்கு விண்டோஸ் வேண்டாம், காசைத் திருப்பிக் கொடு”

இப்படிக் கேட்க முடியுமா? விண்டோஸ் உரிம ஒப்பந்தத்திலேயே, ஏற்க விருப்பம் இல்லையென்றால் தயாரிப்பாளரைக் கேட்கலாம் என்று இருக்கிறது. ஆனால் லேப்டாப்பையும் சேர்த்தே திருப்பித் தரச் சொல்லலாம் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. 2020ல் இத்தாலியின் மோன்ஸா நகர நீதிமன்றம், விண்டோஸுக்கான 42 யூரோவைத் திருப்பிக் கேட்ட ஒரு வாடிக்கையாளரை இழுத்தடித்ததற்காக லெனோவோ 20,000 யூரோ கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2016ல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமோ, சோனி மீதான வழக்கில், மென்பொருளோடு சேர்த்து விற்பதே தவறாகிவிடாது என்று சொல்லியிருந்தது.

நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒன்றை வாங்க இன்னொன்றையும் வாங்கியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடுவதைக் ‘கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை’ என்கிறது. விண்டோஸ் அதில் அடங்குமா என்பது வாதாட வேண்டிய விஷயம். டாஸ் மாடலும் கடையில் கிடைக்கும்போது “வற்புறுத்தலே இல்லையே” என்று கம்பெனி சொல்லும். கேட்க நினைப்பவர்களுக்கு ஹெல்ப்லைன் எண் 1915. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு ஊட்டியில் இருக்கும் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.

சரி, யார் வாங்கலாம்?

லினக்ஸ்தான் என்று முடிவு செய்தவர் யோசிக்காமல் டாஸ் மாடல் வாங்கலாம். புரோகிராமிங், பைதான், வெப் வேலை, பிரவுசர், லிப்ரே ஆஃபிஸ், தமிழ்99 டைப்பிங் எல்லாம் அதில் தாராளமாக நடக்கும். வேர்டு, எக்ஸெலின் பிரவுசர் வடிவமும் ஓடும்.

டேலி கற்றுக்கொள்ள வேண்டிய பி.காம். மாணவர், ஃபோட்டோஷாப்பில் கல்யாண ஆல்பம் செய்பவர், கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர் எல்லாம் விண்டோஸோடு வருவதையே வாங்குவது மேல். டேலிக்கும் அடோபிக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. தேர்வுக்குப் பயன்படும் ‘சேஃப் எக்ஸாம் பிரவுசர்’ போன்றவையும் லினக்ஸில் இல்லை. தேர்வுக்கு முந்தைய இரவு இதைக் கண்டுபிடிப்பது கொடுமை.

பந்தலூர்ப் பெண் எதையும் வாங்கும் முன் கல்லூரியில் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி என்று அரசு அறிவித்தது, அந்தப் பட்டியலில் தன் பெயர் வருமா என்று.

அண்ணன் காலத்து இலவச லேப்டாப் வீட்டுப் பரணில் கிடந்தால் அதையும் இறக்கிப் பார்க்கலாம். அதில் இருக்கும் விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரி 14லேயே முடிந்துவிட்டது. அதன்பின் வந்த விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. டி.பி.எம். 2.0 சிப் இல்லாததால் விண்டோஸ் 11ஐ அது முறைப்படி ஏற்காது. பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போட்டு, ரேமை 4 ஜி.பி. ஆக்கி, லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினால் அசைன்மென்ட் அடிக்கவும் வகுப்பு வீடியோ பார்க்கவும் போதும். பேட்டரி மட்டும் நிற்காது. சார்ஜரைச் சொருகியேதான் வைக்க வேண்டும்.