வயிற்றுச் சீழும் மான்ஹைம் புள்ளிகளும்

வயிறு பலகையாக இறுகி, நாக்கு வறண்டு, கண் குழிந்து கிடக்கும் நோயாளியை மூத்த அறுவை மருத்துவர் ஒரு பார்வை பார்ப்பார். நாடியைப் பிடிப்பார். ‘தேறிடுவார்’ என்பார்; அல்லது ‘கஷ்டம்’ என்பார். பெரும்பாலும் அது பலிக்கவும் செய்தது. ஆனால் அந்தக் கணிப்பு அவருடனேயே வீட்டுக்குப் போய்விடும். நள்ளிரவில் அதே மாதிரி ஒரு நோயாளி வந்தால், பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்குக் கைப்பிடி ஏதும் இல்லை.

குடலில் ஓட்டை விழுந்து வயிறெங்கும் சீழ் பரவினால், நூறாண்டுக்கு முன் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. ஓட்டையை அடை, சீழை அகற்று என்ற நெறியை 1926-இல் ஜெர்மன் மருத்துவர் மார்ட்டின் கிர்ஷ்னர் அழுத்தமாக முன்வைத்தார். சாவு குறைந்தது. யார் பிழைப்பார் என்பதோ அதன் பிறகும் கண்ணளவாகவே இருந்தது.

1980-களில் அது மாறியது. லிண்டர், வாகா என்ற ஜெர்மன் மருத்துவர்கள், 1963 முதல் 1979 வரை சிகிச்சை பெற்ற 1,253 பேரின் பதிவேடுகளை ஆராய்ந்து, இருபது காரணிகளிலிருந்து எட்டைப் பொறுக்கி எடுத்தார்கள். அதுதான் மான்ஹைம் குறியீடு. வயது 50-க்கு மேல் என்றால் 5 புள்ளி. உறுப்பு செயலிழந்திருந்தால் 7. புற்றுநோய்க்கு 4, நோய் தொடங்கி 24 மணி நேரம் தாண்டியிருந்தால் 4. வயிறு முழுக்கப் பரவியிருந்தால் 6. உள்ளே இருப்பது சீழானால் 6, மலம் கலந்திருந்தால் 12. பின்னால் வரும் இரண்டு காரணிகளையும் சேர்த்தால் அதிகபட்சம் 47. வயிற்றைத் திறந்த கையோடு கூட்டிவிடலாம். நோயின் தீவிரத்தை அளக்க 1985-இல் அமெரிக்காவில் வந்த அப்பாச்சி-2 கணக்குக்கோ ரத்த வாயு உட்பட 12 அளவீடுகள் வேண்டும். வசதி குறைந்த மருத்துவமனைகளுக்கு மான்ஹைம் பிடித்துப்போனதில் வியப்பில்லை. நம் மருத்துவக் கல்லூரிகளில் இதைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் ஏராளம்.

ஆனாலும் இது அந்தக் கால ஐரோப்பியரின் கணக்கு. பெண் என்பதற்கே 5 புள்ளி தருகிறது. பிற்கால ஆய்வுகள் பல இதை உறுதிப்படுத்தவில்லை. பெருங்குடல் அல்லாத இடத்தில் நோய் தொடங்கினால் 4 புள்ளி. நம் நாட்டில் ஓட்டை விழுவது பெரும்பாலும் முன்சிறுகுடலிலும் டைஃபாய்டு அரித்த சிறுகுடலிலும்தான். ஆக, அந்த 4 ஏறக்குறைய எல்லோருக்கும் விழுகிறது. எல்லோருக்கும் விழும் புள்ளி யாரையும் பிரித்துக் காட்டாது.

ஏழு மையங்களின் 2,003 நோயாளிகளைத் தொகுத்த 1994 ஆய்வில், 21-க்குக் கீழே புள்ளி பெற்றவர்களில் நூற்றுக்கு இருவரே இறந்தனர். 29-க்கு மேல் போனவர்களில் 59 பேர். அப்படியானால் 41 பேர் பிழைத்திருக்கிறார்கள்! எதிரே படுத்திருப்பவர் அந்த 41-இல் ஒருவரா என்பதை எந்தக் குறியீடும் சொல்லாது. ஆகவே புள்ளி ஏறினால் தீவிர சிகிச்சைப் படுக்கையை முதலில் அவருக்கு ஒதுக்க வேண்டும். ‘வீட்டுக்குக் கூட்டிப் போங்கள்’ என்பதற்கு அந்த எண்ணைச் சாக்காக்குவது பெரும் பிழை.

எட்டுக் காரணிகளில் வயதையோ பாலினத்தையோ புற்றுநோயையோ நாம் மாற்ற முடியாது. அந்த 24 மணி நேரம் மட்டும் நம் கையில் இருக்கிறது. ‘போயி’ (Boey) என்ற ஹாங்காங் மருத்துவர் முன்சிறுகுடல் ஓட்டைக்கு வகுத்த கணக்கில் மூன்றே கேள்விகள். அவற்றிலும் ஒன்று இந்தத் தாமதம்தான். திடீரென்று வயிறு வலித்து இறுகினால், வாயுப்பிடிப்பு என்று கஷாயமும் மாத்திரையுமாகப் பொழுதைக் கடத்தாதீர்கள். அன்றே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.